தூங்கா நகரத்தில் எந்த செல் தூங்கலாம்?

மதுரை மாசி வீதிகளில் கம்பத்தில் ஸ்மால் செல், அதாவது பக்கத்து போன்களுக்கு மட்டும் சிக்னல் தரும் குட்டி டவர், மாட்டினால் கடை அடைத்த பிறகு அதற்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. ஆனாலும் கரண்ட் தின்றுகொண்டேதான் இருக்கும். குறைக்க இரண்டு வழி: சிக்னலின் வலுவைக் குறைப்பது, இல்லையென்றால் செல்லையே தூங்க வைப்பது.

முதல் வழி பெரிய டவருக்குத்தான் பொருந்தும். 2010 முதல் 2012 வரை நடந்த ஐரோப்பிய ‘எர்த்’ திட்டத்தின் கணக்கில், டவரின் ஒரு டிரான்ஸீவர் (சிக்னலை அனுப்பி வாங்கும் கருவி) தின்பது சும்மா இருக்கும்போது 130 வாட், 20 வாட் சிக்னலை முழுசாக வீசும்போது 224 வாட். குறைக்க இடம் தாராளம். ஸ்மால் செல்லில் ஒரு வகையான பைக்கோ செல்லிலோ சும்மா இருந்தால் 6.8, முழு வீச்சில் 7.3. அரை வாட்டுக்காகச் சிக்னலைக் குறைப்பது, ஃபிரிட்ஜை ஓடவிட்டு உள்ளே எரியும் பல்பைக் கழற்றுகிற கதை.

தூங்க வைத்தால் 4.3 வாட். ராத்திரி 6 மணி நேரம் தூங்கினால் வருஷத்துக்கு ஐந்தரை யூனிட் மிச்சம். ஒன்றுக்குச் சில்லறைதான், ஆனால் இது நூற்றுக்கணக்கில் மாட்டுகிற சரக்கு.

சரி, யார் எழுப்புவது? என்னைக் கேட்டால் உண்மையான போட்டியே இங்கேதான். செல் தானாக எழுவதென்றால், பக்கத்து போன் டவரோடு பேசுவதை ஒட்டுக்கேட்க ஒரு ரிசீவர் விழித்திருக்க வேண்டும். பைக்கில் பேசிக்கொண்டே கடந்து போகிறவரும் அதை எழுப்பிவிடுவார். எல்லா டவரையும் பின்னாலிருந்து நடத்தும் மைய நெட்வொர்க் எழுப்பினால் அந்த ரிசீவர் வேண்டாம், யாருக்கு என்ன தேவை என்பதும் அதற்குத் தெரியும். ஆனால் ஆள் எந்த டவரின் கீழ் இருக்கிறார் என்றுதான் தெரியும், எந்தக் கம்பத்தடியில் என்று தெரியாது. தப்பான செல்லைத் தட்டிவிடலாம். போனே எழுப்பும் வழியும் உண்டு, ஆனால் அந்தச் செலவு நம் பேட்டரி தலையில்.

மாசி வீதிகளுக்கு நான் மைய நெட்வொர்க்கைத்தான் எடுப்பேன். சித்திரைத் தேர் ஓடும் நாளில் மட்டும் யாரையும் நம்பாமல் எல்லாச் செல்லையும் விழித்திருக்கச் சொல்லிவிடலாம்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வேறு கதை. விடிய விடிய பஸ், விடிய விடிய ஆள். அங்கே 4ஜியைவிட 5ஜி செல் மேல். 4ஜி செல் ஆளில்லாத நேரத்திலும் ஒவ்வொரு மில்லி செகண்டும் அடையாளச் சிக்னல் அனுப்பியாக வேண்டும். 5ஜியில் வழக்கமான இடைவெளி 20 மில்லி செகண்ட். இரண்டு பஸ்ஸுக்கு நடுவே கோழித்தூக்கம் போட அது போதும்.