வெண்கண்டலா, சுரபுன்னையா?

பிச்சாவரத்துக்குக் கல்விச் சுற்றுலா செல்லவிருக்கும் கோத்தகிரி மாணவர்கள் சிலர், உப்பு நீரில் வாழும் மரங்களைப் பற்றிய செயல்திட்டத்துக்கு இவ்விரண்டில் எதை எடுப்பது என்று கேட்டிருந்தனர்.

நீர்: லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரைச் சுரபுன்னை தன் வேரிலேயே அநேகமாக முழுவதும் வடிகட்டிவிடுகிறது. வெண்கண்டலும் பெரும்பகுதியை வேரில் தடுக்கிறது. மீறி நுழைந்ததை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. மழையில்லாத நாளில் அதன் இலையைத் தடவிய விரலை நாவில் வைத்தால் கரிக்கும்.

ஒளிச்சேர்க்கை: நீரைச் சிக்கனப்படுத்த இரண்டும் இலைத்துளைகளைக் குறுக்கிக்கொள்வதால் உள்ளே வரும் கரியமில வாயு குறைகிறது, வெயிலோ குறைவதில்லை, பயன்படாத அந்த ஒளி இலையையே பழுதாக்கக்கூடும். உறைபனி விழுந்த காலையில் சுள்ளென்று வெயில் ஏற, தேயிலைக் கொழுந்து கருகுவதைக் கண்ட நமக்கு, காரணம் முழுக்க ஒன்றல்ல என்றாலும், இது எளிதில் விளங்கும். மிகுதியான ஒளியை வெப்பமாக மாற்றிக் கழிக்கும் நிறமிகள் இரண்டிலும் உண்டு. அதோடு சுரபுன்னையின் வெயில்பட்ட இலைகள் ஏறக்குறைய செங்குத்தாக நின்று உச்சிவெயிலின் நேர்த்தாக்குதலைத் தவிர்க்கின்றன.

தாங்குதிறன்: உப்பு மிகுந்த நிலத்தில் வெண்கண்டலே மேல், முத்துப்பேட்டைக் காடு பெரும்பாலும் அதுவே.

ஆகவே, ஒரு கைலென்சும் அரை நாளும் மட்டுமே உள்ளவர்கள் வெண்கண்டலை எடுக்கலாம். அளவெடுக்கும் பொறுமை உள்ளவர்களுக்குச் சுரபுன்னைதான் என் பரிந்துரை. நிழலிலை, வெயிலிலை இரண்டின் சாய்வையும் அளக்க, கணிதப் பெட்டியிலுள்ள கோணமானியை மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.