செரினிட்டி: நின்றுபோன தொடருக்குக் கிடைத்த இரண்டு மணி நேரம்

விண்கப்பலில் பிழைப்பு நடத்துகிற சிலரைப் பற்றிய 'ஃபயர்ஃபிளை' என்கிற அமெரிக்க டிவி தொடரைப் பாதியில் நிறுத்தியது அநியாயம். 2002 செப்டம்பரில் ஃபாக்ஸ் சேனலில் ஆரம்பித்து அந்த டிசம்பரிலேயே முடித்துவிட்டார்கள். எடுத்தது 14 எபிசோடு, போட்டது 11. அதிலும் கதையைத் தொடங்கிவைக்கிற முதல் எபிசோடைக் கடைசியில் போட்டார்கள். யார், எவர் என்றே தெரியாமல் பார்த்தால் எப்படி ஒட்டும்? டிவிடி வந்த பிறகுதான் ஜனங்கள் வரிசையாகப் பார்த்தார்கள். அது நன்றாக விற்றதும் யுனிவர்சல் முன்வந்தது. தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனே எழுதி இயக்க, 2005-இல் 'செரினிட்டி' படமாக வந்தது. ரசிகர்களின் பிடிவாதத்தால் பிறந்த படம் என்பதால் எனக்கு அதன்மேல் பாசம் அதிகம். ஆனாலும் குறையைச் சொல்லத்தான் வேண்டும்.

நான் பாம்பனில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. போன தடைக்காலத்தில்தான் ராத்திரி வேலை முடித்து, கையில் கிரீஸைக் கழுவிவிட்டு வந்து, படகு ஓட்டுகிற என் மச்சானோடு தொடரை முழுசாகப் பார்த்தேன். அப்புறம் படம்.

என்னை இழுத்தது செரினிட்டி என்கிற அந்த விண்கப்பல். பழைய சரக்குக் கப்பல், ஓட்டை உடைசல். கேய்லி என்கிற பெண்தான் மெக்கானிக். எஞ்சின் பக்கத்தில் அவள் நிற்கிற நிற்பிலேயே தொழில் தெரியும். 'அவுட் ஆஃப் கேஸ்' எபிசோடில் ஒரே ஒரு உதிரிபாகம் போய் நடு வெளியில் கப்பல் நின்றுவிடும். கரை தெரியாத இடத்தில் எஞ்சின் அடங்கினால் படகில் விழுகிற அமைதியைப் பற்றி மச்சான் சொல்லியிருக்கிறார். அந்த எபிசோடு முடிகிறவரை அவர் வாயே திறக்கவில்லை.

படத்திலும் அந்தக் கப்பலை மறக்கவில்லை. ஆரம்பத்தில் கிரகத்தில் இறங்கும்போது ஒரு தகடு தானாகப் பிய்த்துக்கொண்டு போகும். உடனே கேமரா கேப்டன் மால் பின்னாலேயே அறை அறையாக நடந்து, ஒவ்வொருவராகக் காட்டி, கப்பலையே சுற்றிவரும். தொடர் பார்க்காதவனுக்குக்கூட எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரிந்துவிடும். அருமையான வேலை.

குறை என்னவென்றால், உட்கார நேரமில்லை. தொடரின் உயிரே அந்தச் சாப்பாட்டு மேசைதான்: காசில்லாமல் சண்டை போடுவதும், இருப்பதைப் பங்கு வைப்பதும். 119 நிமிடத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. தொடரில் கப்பலிலேயே குடியிருந்த இனாராவும் புக் என்கிற பாதிரியாரும் அதைவிட்டு ஏற்கெனவே போயிருக்கிறார்கள், வந்து போவதோடு சரி. தன் தங்கை ரிவரை அரசாங்கத்தின் பிடியிலிருந்து மீட்க ஆள் வைத்துக் காசு கொடுத்ததாகத் தொடரில் சொன்ன, கப்பலின் டாக்டர் சைமன், இதில் தானே வேஷம் போட்டு உள்ளே நுழைகிறான். இது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

மிராண்டா கிரகத்தில் இறங்குகிறார்கள். சுத்தமான ஊர், உட்கார்ந்தபடியும் படுத்தபடியும் பிணங்கள். உடம்பில் ஒரு காயமில்லை. பதிவில் ஒரு பெண் பேசுகிறாள்: ஜனங்கள் சண்டையில்லாமல் இருக்கட்டும் என்று அரசாங்கம் காற்றில் ஒரு மருந்தைக் கலந்தது, அவர்கள் வேலையை விட்டார்கள், சாப்பாட்டை விட்டார்கள், அப்படியே படுத்துவிட்டார்கள். மூன்று கோடிப் பேர். சிலருக்கு மட்டும் அது தலைகீழாக வேலை செய்து வெறிபிடித்தது. கப்பல்களைத் தாக்கி மனிதர்களைக் கொன்று தின்கிற ரீவர்கள் அவர்கள்தான். விண்வெளியின் விளிம்புக்குப் போய்ப் பைத்தியமானவர்கள் என்று தொடரில் பேசிக்கொண்டதன் நிஜக் காரணம் இதுதான். எல்லைக்கோட்டை ஒட்டிப் பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்கையில், தூரத்தில் உட்கார்ந்து நம் நல்லதுக்கென்று முடிவெடுப்பவர்கள்மேல் மாலுக்கு வருகிற கோபம் எனக்கும் வந்தது. கப்பலை ஓட்டுகிற வாஷின் சாவும் அப்படித்தான் தாக்கியது. பவர் போன கப்பலைச் சறுக்கியே தரையில் இறக்குகிறான், அடுத்த நொடி ஈட்டி பாய்கிறது. "பத்திரமா இறக்கிட்டானேடா" என்றார் மச்சான். அழக்கூட நேரம் தராமல் கதை ஓடுகிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது, சண்டை நடுவில் சாவு அப்படித்தான் வரும்.

சிவெட்டல் எஜியோஃபர் செய்திருக்கும் வில்லனைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரே இல்லாத அரசாங்க ஆள். குரலை உயர்த்துவதில்லை. தான் கட்டப் பாடுபடுகிற நல்ல உலகத்தில் தனக்கு இடமில்லை என்று தெரிந்தே கொல்கிறான். தொடரில்கூட இப்படி ஓர் எதிராளி கிடையாது.

படத்தை மட்டும் பார்த்தாலும் கதை புரியும். ஆனால் அந்தக் கப்பலில் இருப்பவர்கள் யாரென்று தெரியாமல் அவர்களுக்கு நடப்பதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? ஒளிபரப்பான வரிசையை விட்டுவிட்டு, டிவிடியில் உள்ள வரிசைப்படி 14 எபிசோடையும் பாருங்கள். அப்புறம் படத்துக்கு வாருங்கள்.