ஹாசல்பிளாட் 500சி: வாலி ஷிரா வாங்கிய கேமராவை இன்று வாங்கலாமா?

அமெரிக்க விண்வெளி வீரர் வாலி ஷிரா விண்ணுக்குக் கொண்டுபோக 1962-ல் ஹூஸ்டனில் ஒரு கடையில் வாங்கியது, யார் போய்க் கேட்டாலும் கிடைத்த சாதாரண 500சி-தான். அதன் வெள்ளிப் பளபளப்பு விண்கலத்தின் ஜன்னலில் பட்டுத் தெறிக்கக் கூடாதென்று கறுப்பு பூசினார்கள். 100 படம் கொள்ளும் ஃபிலிம் பெட்டி மாட்டினார்கள். ஹெல்மெட்டோடு குனிந்து வ்யூஃபைண்டருக்குள் பார்ப்பது நடக்காத காரியம் என்பதால், குறிபார்க்கப் பக்கவாட்டில் ஒரு கருவி. அக்டோபர் 3 அன்று மெர்குரி திட்டத்தின் சிக்மா 7 கலத்தில் அது பூமியை 6 முறை சுற்றியது.

9 மணி 13 நிமிடப் பயணம். எரிபொருளைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துக் கலத்தை ஓட்டினார் ஷிரா. படங்கள் மட்டும் சரியாக அமையவில்லை. சிலவற்றில் வெளிச்சம் மிஞ்சிவிட்டது, சிலவற்றில் ஒரே மேகம். கேமராவைக் குறை சொல்ல முடியாது. 500சி-யில் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் கிடையாது. வாங்கும்போதே கையடக்க மீட்டர் ஒன்றுக்கும் காசு ஒதுக்கிவிடுங்கள். பழைய சி வகை லென்ஸில் ஷட்டர் வேகமும் அப்பெர்ச்சரும் (ஒளி நுழையும் துளையின் அளவு) ஒன்றாகப் பிணைந்து நகரும். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமானால் சின்ன நெம்புகோலை அழுத்திப் பிடித்துத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் முதல் ரோலை வீணடிப்பவர்கள் நிறைய.

அடுத்தது, எல்லோரும் பயப்படும் ஜாம், அதாவது கேமரா சிக்கி நின்றுவிடுவது. ஷட்டர் இருப்பது லென்ஸுக்குள்; உடலும் லென்ஸும் இரண்டுமே அடுத்த படத்துக்குத் தயாராக முறுக்கேறிய நிலையில்தான் கழற்றவும் மாட்டவும் முடியும். படம் எடுத்ததும் கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு, பிறகு லென்ஸில் கை வையுங்கள். கழற்றிய லென்ஸின் பின்புறம் ஒரு பிளவுத் திருகு தெரியும். அது சிவப்புப் புள்ளிக்கு நேராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஸ்க்ரூடிரைவரால் வலஞ்சுழியாகத் திருப்பினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். ஃபிலிமை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவாமல் அழுத்தினால் பொத்தான் நகராது. அது ஜாம் அல்ல, காப்பு. மெதுவான வேகங்களில் படம் முடியும்வரை பொத்தானை விடக் கூடாது, விட்டால் உடலுக்குள் ஃபிலிமுக்கு முன்னால் இருக்கும் பின்கதவுகள் பாதியிலேயே மூடிக்கொள்ளும்.

கைப்பிடி நடுவில் நின்றால் பலம் காட்டாதீர்கள். இந்த இடத்தில் ஷிராவை நினைத்துக்கொள்வது நல்லது. 1965 டிசம்பர் 12, ஜெமினி 6: ராக்கெட்டின் எஞ்சின்கள் ஒரு நொடிக்குச் சற்று மேல் எரிந்து அணைந்தன. ராக்கெட் கிளம்பிவிட்டதாகக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. விதிப்படி அவர் வளையத்தை இழுத்து இருக்கையோடு வெளியேறியிருக்க வேண்டும். ஆனால் ராக்கெட் அசையவில்லை என்பதை உடம்பால் உணர்ந்தார், இழுக்கவில்லை. மூன்றே நாளில் அதே ராக்கெட்டில் சக வீரர் ஸ்டாஃபோர்டுடன் கிளம்பி, ஏற்கெனவே பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஜெமினி 7 கலத்துக்கு ஏறக்குறைய ஓர் அடி நெருக்கம்வரை போனார். 1968-ல் அப்பல்லோ 7-ம் ஓட்டி, மெர்குரி, ஜெமினி, அப்பல்லோ மூன்றிலும் பறந்த ஒரே மனிதரானார்.

கடையில் கையிலெடுத்ததும் ஷட்டரை 1 நொடி வேகத்தில் வைத்துக் காதருகே கேளுங்கள். இழுத்து இழுத்து ஓடினால் உள்ளே எண்ணெய் கெட்டியாகிவிட்டது. சர்வீஸ் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஃபிலிம் பெட்டியின் டார்க் ஸ்லைடு நுழையும் இடத்தில் வெளிச்சம் கசிவது இன்னொரு வழக்கமான நோய். அங்குள்ள சீலை மாற்றினால் போதும். பெட்டியும் ஃபிலிம் சுருளைத் தாங்கும் அதன் உள்செருகியும் ஜோடிதானா என்று எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபோகஸிங் ஸ்க்ரீன் மங்கலாகத்தான் இருக்கும், அதை நாமே மாற்ற 500சி-யில் வழியில்லை; கண் தளர்ந்தவர்களுக்கு 1970-ல் வந்த 500சி/எம் மேல்.

ஷிரா வாங்கிய ஆண்டின் கேமராதான் வேண்டும் என்பவர்களுக்கு வரிசை எண்ணின் முதல் இரண்டு எழுத்துகள் ஆண்டைச் சொல்லும். வி, எச், பி, ஐ, சி, டி, யூ, ஆர், இ (V, H, P, I, C, T, U, R, E) ஆகியவை முறையே 1 முதல் 9, எஸ் (S) பூஜ்யம். 62-க்கு 'டிஎச்' (TH).