பெட்டியில் 8கே, திரையில் 480: ஸ்ட்ரீமிங் பாக்ஸ் வாங்கி ஏமாந்த கதை

இணையச் சந்தையில், அதுவரை பெயர் கேள்விப்படாத நிறுவனம் ஒன்றின் ஆண்ட்ராய்டு பாக்ஸை (இணையத்தில் வரும் படங்களைத் தொலைக்காட்சியில் காட்டும் சிறிய பெட்டி) வாங்கி நான் ஏமாந்த விவரத்தை இங்கே எழுதி வைக்கிறேன். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பெட்டி எங்கள் வீட்டு இணைப்பில் இருந்த ஐந்து வாரங்களில் நடந்தவற்றைப் பின்னர் நிதானமாகக் கோத்துப் பார்த்தபோதுதான், இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல என்று தோன்றியது.

எங்கள் தொலைக்காட்சி நல்ல 4கே திரை கொண்டது. ஆனால் அதனுள் இருந்த மென்பொருள் பழசாகிவிட்டதால், ஓடிடி செயலிகள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. திரை நன்றாக இருக்கும்போது தொலைக்காட்சியையே மாற்றுவானேன், ஒரு ஸ்ட்ரீமிங் பாக்ஸ் வாங்கி மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கினேன் என்றால்கூட மனம் ஆறியிருக்கும்; ஒரு தாளில் கட்டம் போட்டு, ரேம், சேமிப்பிடம், ஆண்ட்ராய்டு பதிப்பு, தெளிவுத்திறன் என்று தலைப்பிட்டு, ஆறு பெட்டிகளை வரிசைப்படுத்திப் பார்த்துத்தான் வாங்கினேன். பெயர் பெற்ற நிறுவனங்களின் பெட்டிகளில் சில 2 ஜிபி ரேம், 8 ஜிபி சேமிப்பிடம் என்று அடக்கமாக நின்றன. இந்தப் பெட்டியோ 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், ஆண்ட்ராய்டு 13, 8கே வரை ஓடும் என்று மார்தட்டியது, விலையும் குறைவு. எல்லாக் கட்டங்களிலும் அதுவே முதலிடம். அந்த எண்கள் அனைத்தும் விற்பவர் தாமாக எழுதிக்கொண்டவை என்பதோ, படம் எந்தத் தரத்தில் வரும் என்பதைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு என் தாளில் கட்டமே இல்லை என்பதோ அப்போது உறைக்கவில்லை.

பெட்டியை இணைத்த அன்றே முதல் சங்கடம் வந்தது. திரையில் தெரிந்தது தொலைக்காட்சிக்காக உருவான ஆண்ட்ராய்டு டிவி அல்ல; டேப்லெட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டின் மேல் யாரோ ஒட்டவைத்த ஒரு முகப்பு. ஓடிடி செயலியைத் திறந்தால் அதன் கைபேசிப் பதிப்பு திறந்தது, ரிமோட்டின் அம்புக்குறிப் பொத்தான்களுக்கு அது அசையவில்லை. ரிமோட்டின் மூலையில் மவுஸ் படம் போட்ட பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் திரையில் ஒரு சுட்டி தோன்றும். அதை அம்புக்குறிகளால் எறும்பு ஊர்வதுபோல் நகர்த்தி, வேண்டிய படத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தி, நடுப் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு முறை முயன்று பார்த்த அப்பா, ரிமோட்டை என்னிடம் நீட்டி, "எனக்குப் பழையதே போதும்ப்பா" என்றார்.

அதையும் பொறுத்துக்கொண்டு படத்தைப் போட்டால், முகங்கள் எல்லாம் எண்ணெய் தடவிய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரிந்தன. எழுத்துகளின் ஓரம் பிசிறடித்தது. தொலைக்காட்சி ரிமோட்டின் தகவல் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். 3840×2160, 60 ஹெர்ட்ஸ் என்று காட்டியது. அதைப் பார்த்து நான் ஒரு வாரம் ஏமாந்தேன். தொலைக்காட்சி காட்டுவது பெட்டியிலிருந்து ஹெச்டிஎம்ஐ வழியே வரும் சமிக்ஞையின் அளவை மட்டுமே. உள்ளே வரும் படம் 480 வரிகள் கொண்டதாக இருந்தாலும் பெட்டி அதை இழுத்துப் பெரிதாக்கி 2160 வரிகளாக அனுப்பிவிடும். நான்கு லட்சத்துச் சொச்சம் புள்ளிகளை 83 லட்சம் புள்ளிகளுக்கு விரித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

விற்பவருக்கு எழுதினேன். "அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் இணைய வேகம் குறைவு" என்று பதில் வந்தது. வேகத்தை அளந்து படம் பிடித்து அனுப்பினேன். 4கே படத்துக்கு ஓடிடி நிறுவனங்கள் கேட்பதைப்போல் பல மடங்கு வேகம் இருந்தது. ஹெச்டிஎம்ஐ கம்பியை மாற்றிப் பாருங்கள் என்றார்கள், மாற்றினேன். அமைப்புகளை முதலிலிருந்து அழித்துவிட்டு மீண்டும் தொடங்கச் சொன்னார்கள், அதையும் செய்தேன். கடைசியாக, பொறியாளர்கள் புதிய ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள், சில நாள்கள் பொறுத்திருங்கள் என்றார்கள். ஒவ்வொரு பதிலும் மிகுந்த மரியாதையுடன், சரியாக இரண்டு நாள் இடைவெளியில் வந்தது. ஃபர்ம்வேர் மட்டும் வரவில்லை. பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிந்த மறுநாள் நான் கேட்டபோது, கெடு முடிந்துவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று அதே மரியாதையுடன் எழுதினார்கள். வாங்கிய பொருளில் கோளாறு தெரிந்தால், சரி செய்து பார்ப்பதை விற்பவரோடு நடத்தும் கடிதப் போக்குவரத்தாக்காமல், முதல் நாளே சந்தைத் தளத்தின் வழியாகத் திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிவு செய்துவிட வேண்டும் என்பதை நான் இப்படித்தான் கற்றேன்.

பிறகுதான் காரணத்தைத் தேடினேன். பெரிய ஓடிடி சேவைகளின் படங்கள் பூட்டப்பட்டே வருகின்றன. ஆண்ட்ராய்டு சாதனங்களில் அந்தப் பூட்டைத் திறப்பது வைட்வைன் என்ற அமைப்பு. கூகுள் 2010இல் விலைக்கு வாங்கிய நிறுவனம் உருவாக்கியது. இதில் எல்1, எல்3 என்ற பாதுகாப்பு நிலைகளே நடைமுறையில் நாம் காண்பவை. எல்1 என்றால், பூட்டைத் திறப்பதும் படத்தைப் பிரித்தெடுப்பதும் சிப்பின் தனிப்பட்ட பாதுகாப்பான பகுதிக்குள் நடக்கின்றன. எல்3 என்றால் எல்லாம் மென்பொருளிலேயே நடக்கிறது. நகலெடுப்பது எளிது என்பதால், எல்3 சாதனத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் 480 வரிப் படத்துக்கு மேல் கொடுப்பதில்லை. நெட்ஃபிளிக்ஸ் இதற்கும் மேலாகத் தானே சாதனங்களைச் சோதித்து அனுமதிக்கிறது. எல்1 இருந்தும் அந்த அனுமதி இல்லாத சாதனங்களுக்கு ஹெச்டி கிடைக்காது. சாதன விவரங்களைக் காட்டும் செயலி ஒன்றை நிறுவிப் பார்த்தேன். என் பெட்டி எல்3. விற்பவர் சொன்ன ஃபர்ம்வேர் வந்திருந்தாலும் அது மாறியிருக்க வாய்ப்பில்லை. எல்1க்கான சாவிகள் பொதுவாகத் தயாரிப்பின்போதே உரிமம் பெற்று உள்ளே வைக்கப்படுபவை. 8கே என்று அட்டையில் அச்சடித்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தச் செயலி வேறு சிலவற்றையும் சொன்னது. அமைப்புப் பக்கத்தில் ஆண்ட்ராய்டு 13 என்று இருந்தது. ஆனால் ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ளுக்குள் இருக்கும் ஏபிஐ எண் 29 என்று வந்தது. 13ஆம் பதிப்புக்கு அந்த எண் 33 ஆக இருக்க வேண்டும். 29 என்பது 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10. அதாவது, எழுத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். சந்தேகம் வந்ததும் சேமிப்பிடத்தையும் சோதித்தேன். வீட்டு நிகழ்ச்சிகளின் வீடியோக்களை ஒவ்வொன்றாக நகலெடுத்துக்கொண்டே போனேன். ஏறத்தாழ 10 ஜிபியைத் தாண்டியதும் இடமில்லை என்று நின்றுவிட்டது. அமைப்புப் பக்கமோ அப்போதும் 40 ஜிபிக்கு மேல் காலியாக இருப்பதாகக் கூசாமல் காட்டிக்கொண்டிருந்தது. ரேமின் கதையும் அப்படியே, 4 என்றது 2. 8கே என்பதற்கு வேண்டுமானால் ஒரு சப்பைக்கட்டு உண்டு: 8கே கோப்பைத் திறக்கும் திறன் சிப்புக்கு இருக்கலாம், ஆனால் அதை 8கே ஆக வெளியே அனுப்ப ஹெச்டிஎம்ஐ வழியும் ஒத்துழைக்க வேண்டும். எல்3 பெட்டியில் அந்த விவாதத்துக்கே இடமில்லை.

நட்சத்திரங்களை நம்பித்தானே வாங்கினேன் என்று விமர்சனங்களைத் திரும்பப் படித்தேன். புதியவற்றை விட்டுவிட்டுப் பழையவற்றுக்குப் போனால், "என் கைபேசிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, நிறம் அழகு" என்று ஒருவர் மனமாரப் பாராட்டியிருந்தார். வேறு எப்போதோ விற்ற கைபேசி உறையின் பக்கத்தில் பொருளை மட்டும் மாற்றிவிட்டு, நட்சத்திரங்களை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள். என் அனுபவத்தை அதே பக்கத்தில் எழுதிய பிறகு, விமர்சனத்தை நீக்கினால் பாதிப் பணம் தருகிறோம் என்று விற்பவரிடமிருந்து செய்தி வந்தது. நான் நீக்கவில்லை, பாதிப் பணமும் வரவில்லை.

இத்தனையும் வெறும் மோசமான வியாபாரம் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த நாள்களில் வீட்டில் இன்னொரு தொல்லை இருந்தது. கணினியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும், நீங்கள் மனிதர்தானா என்று கேட்டு, போக்குவரத்து விளக்குகளும் பேருந்துகளும் உள்ள கட்டங்களைத் தேர்வு செய்யச் சொல்லும் புதிர் வந்துகொண்டே இருந்தது. இரவில் இணைப்பு தள்ளாடியது. ரௌட்டரின் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால், யாரும் தொடாமல் ஸ்டாண்ட்பையில் கிடந்த அந்தப் பெட்டி நடுராத்திரியில் தொடர்ந்து தரவை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. படம் பார்க்கும் பெட்டிக்குத் தரவு உள்ளே வர வேண்டும். அது அனுப்புவதற்கு என்ன இருக்கிறது? பெட்டியைப் பிடுங்கியபின் சில நாள்களில் புதிர்கள் நின்றன.

உள்ளே இருந்தது இன்னதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இந்த வகைப் பெட்டிகளைப் பற்றிப் பொதுவெளியில் பதிவானவை போதுமான அளவு இருக்கின்றன. 2023 அக்டோபரில் ஹியூமன் செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனம், தொழிற்சாலையிலிருந்தே தீய மென்பொருளோடு வெளிவந்த மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகளைப் பற்றி பேட்பாக்ஸ் என்ற பெயரில் அறிக்கை வெளியிட்டது. 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் நிறுவனம், வேறொரு தீய மென்பொருள் ஏறத்தாழ 13 லட்சம் பெட்டிகளில் புகுந்திருந்ததைக் கண்டறிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான பிஎஸ்ஐ, அந்நாட்டில் சுமார் 30,000 சாதனங்களுக்கும் அவற்றை இயக்கியவர்களுக்கும் இடையிலான தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ வெளிப்படையாகவே எச்சரித்தது. இத்தகைய பெட்டி நம் வீட்டு இணைப்பை வாடகைக்கு விட்டுவிடுகிறது. எங்கோ இருப்பவர் செய்யும் தில்லுமுல்லு நம் வீட்டு முகவரியிலிருந்து போவதுபோல் பதிவாகிறது. மனிதர்தானா என்று தளங்கள் கேட்டதன் பொருள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எஃப்பிஐ சொன்ன அடையாளங்களில் ஒன்று, நிறுவும்போது, தீய செயலிகளைக் கண்டறியும் கூகுள் ப்ளே புரொடெக்ட் வசதியை அணைத்துவிடச் சொல்வது. என் பெட்டியோடு வந்த மடிப்புத்தாளின் மூன்றாவது படி அதுதான். நானும் சொன்னபடி அணைத்திருந்தேன்.

இப்போது ஒப்பிடச் சொன்னால் என் தாளில் கட்டங்கள் வேறாக இருக்கும். முதலில், அது உண்மையான ஆண்ட்ராய்டு டிவியோ கூகுள் டிவியோதானா என்பது; அந்தப் பெயர்களைப் பயன்படுத்த அனுமதி பெற்ற தயாரிப்பாளர்களின் பட்டியலைக் கூகுளே ஆண்ட்ராய்டு டிவி தளத்தில் வைத்திருக்கிறது. "ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்" என்று அட்டையில் அச்சடிக்க யாராலும் முடியும். கையில் பெட்டி இருந்தால், ப்ளே ஸ்டோரின் அமைப்புகளில் உள்ள அறிமுகப் பகுதியில் சாதனம் சான்றளிக்கப்பட்டதா என்று பார்க்கலாம். அமேசானின் ஃபயர் டிவி, ஆப்பிள் டிவி, ரோக்கு ஆகியவை தத்தம் அமைப்புகளில் ஓடுபவை; அவற்றுக்கு இந்தச் சோதனை தேவைப்படாது. ஆனால் அவற்றுக்கும் குறைகள் உண்டு. ஃபயர் டிவியின் முகப்பில் விளம்பரம் அதிகம், ஆப்பிள் டிவியோடு ஹெச்டிஎம்ஐ கம்பி வருவதில்லை. 2020இல் வந்த கூகுள் டிவியுடனான 4கே குரோம்காஸ்டில் 8 ஜிபி சேமிப்பிடம் மட்டுமே, அதிலும் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழப் பாதி. வீடியோவைச் சுருக்கி அனுப்பும் ஏவி1 என்ற புதிய முறைக்கான வசதியும் அதில் இல்லை. 2022இல் வந்த அதன் மலிவான ஹெச்டி பதிப்பில் அது இருக்கிறது. 4கே தொலைக்காட்சியாக இருந்தால், பெட்டியை மாட்டும் ஹெச்டிஎம்ஐ துளை, நகலெடுப்பதைத் தடுக்கும் ஹெச்டிசிபி 2.2 என்ற முறையை ஏற்பதுதானா என்று தொலைக்காட்சியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். சில பழைய 4கே தொலைக்காட்சிகளில் ஒரு துளை மட்டுமே அதற்கு ஏற்றது.

நான் பிறகு வாங்கியது 2 ஜிபி ரேம் மட்டுமே கொண்ட, சான்று பெற்ற சிறிய பெட்டி. அதே திரை, அதே இணைப்பு, அதே படம். நடிகரின் சட்டையில் இருந்த நூல் இழை தெரிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ரிமோட்டை என்னிடம் திருப்பித் தரவும் இல்லை.

என்னைப்போல் ஏற்கெனவே வாங்கியவர்கள், பெட்டியை அணைத்துவைப்பதோடு நிற்காமல் மின்கம்பியையும் இணைய இணைப்பையும் உருவிவிடுங்கள். எல்லாவற்றையும் அழித்து மீட்டமைத்தாலும் பயனில்லை. கேடு ஃபர்ம்வேருக்குள் இருந்தால் அதுவும் கூடவே மீண்டு வரும். பெட்டியில் நீங்கள் உள்நுழைந்த கூகுள் கணக்கு, ஓடிடி கணக்குகள் ஆகியவற்றின் சாதனப் பட்டியலுக்கு வேறு கணினியிலிருந்து போய் இந்தப் பெட்டியை நீக்கி, கடவுச்சொற்களை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல்லையும் சேர்த்து. பாதி விலைக்காவது தள்ளிவிடலாம் என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. தெரிந்தவர் ஒருவர் கேட்கவும் செய்தார். அவர் வீட்டு ரௌட்டரில் அது ராத்திரி முழுக்க ஓடும் என்று சொல்லி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிட்டேன்.