மெட்டா விளம்பர நூலகம்: முதல் மூன்று செக்கன் எழுதப் பழகுகிறவர்களுக்கு நல்ல இடம்

சின்ன வீடியோ விளம்பரத்துக்குத் தொடக்கம் எப்படி எழுதுவது என்று யாராவது கேட்டால் நான் முதலில் அனுப்புவது, பேஸ்புக்கையும் இன்ஸ்டகிராமையும் நடத்துகிற மெட்டாவின் விளம்பர நூலக (Meta Ad Library) இணைப்பைத்தான். காசு இல்லை, பேஸ்புக் கணக்குக்கூடத் தேவையில்லை. பிரவுசரில் திறந்து, நாட்டைத் தெரிவு செய்து, எல்லா விளம்பரங்களும் என்று கொடுத்து, ஒரு சொல்லையோ ஒரு கடையின் பக்கப் பெயரையோ அடித்தால், அந்த நாட்டில் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் இன்றைக்குக் காசு கட்டி ஓடுகிற விளம்பரங்கள் வரிசையாக வந்து நிற்கும். வீடியோவை மட்டும் காட்டு என்று வடிகட்டவும் முடியும். 2019இல் இருந்து இப்படி எல்லோருக்கும் திறந்திருக்கிற ஒன்றை, யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதியிலும் சுன்னாகத்திலும் கடை வைத்து மாதாமாதம் காசு கட்டிப் பதிவுகளை பூஸ்ட் பண்ணுகிற எத்தனையோ பேர் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலைதான்.

ஏன் தொடக்கத்துக்கு இவ்வளவு அழுத்தம் என்றால், பணம் கட்டுகிற இடத்திலேயே அது எண்ணப்படுகிறது. விளம்பரக் கணக்கில் மூன்று செக்கன் பார்க்கப்பட்ட எண்ணிக்கை தனியாக இருக்கும். அதை விளம்பரம் திரையில் தோன்றிய எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பத்தாயிரம் தடவை தோன்றி, இரண்டாயிரத்து ஐந்நூறு தடவை மூன்று செக்கன் தாண்டியிருந்தால் நூற்றுக்கு 25. மிச்சம் 75 தடவையும் விரல் மேலே தள்ளிவிட்டது, நீங்கள் எட்டாவது செக்கனில் சொன்ன விலைக்கழிவு அங்கே போய்ச் சேரவே இல்லை. அப்படியிருக்க, எங்கள் ஊர் விளம்பரங்களில் பாதிக்கு மேல் எப்படித் தொடங்குகின்றன? லோகோ சுற்றி வந்து நிற்கும், நாதஸ்வரம் வரும், ட்ரோனில் நல்லூர்க் கோபுரம், அப்புறம் வணக்கம் உறவுகளே. நல்லூர்க் கோபுரம் எனக்கும் உயிர்தான், ஆனால் தளபாடக் கடை விளம்பரத்தில் அது முதலில் வந்தால் பார்க்கிறவருக்கு அது தளபாடக் கடை என்றே விளங்காது.

நூலகத்தைப் பாவிக்கிற முறை ஒன்று சொல்கிறேன். வீடியோவைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டு மூன்றாவது செக்கனில் நிறுத்துங்கள். திரையில் என்ன தெரிந்தது, என்ன எழுதியிருந்தது, ஆள் இருந்தால் முகம் எவ்வளவு கிட்ட இருந்தது, இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு சத்தத்தோடு திரும்பப் பார்த்து, சொன்ன முதல் வசனத்தை அப்படியே எழுதுங்கள். ஒரு பின்னேரம் இருந்து இப்படிச் செய்தாலே, காசு தேடித்தருகிற தொடக்கங்கள் ஒரு சில வகைக்குள் அடங்கிவிடுவது தெரியும். ஒன்று, வாங்குகிறவர் மனதில் ஏற்கெனவே இருக்கிற சந்தேகத்தை அவர் வாயால் கேட்பது போலக் கேட்பது. இன்னொன்று, பொருளை வழமையாகப் பாவிக்காத மாதிரிப் பாவித்துக் காட்டுவது. சில பேர் இது யாருக்குச் சரிவராது என்று சொல்லியே தொடங்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஒவ்வொரு விளம்பரத்தின் மேலேயும் அது எந்தத் திகதியில் தொடங்கியது என்று போட்டிருக்கும். இதுதான் நூலகத்தில் மிகப் பெறுமதியான வரி. நட்டப்படுகிற விளம்பரத்துக்கு மாதக்கணக்கில் யாரும் காசு கொட்ட மாட்டார்கள், ஆகவே கன நாளாக ஓடுகிறதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஆனால் திகதியை மட்டும் நம்பவும் கூடாது, ஒரு சின்னத் தொகையைப் போட்டுவிட்டு மறந்துபோன விளம்பரமும் அப்படி ஓடிக்கொண்டிருக்கும். ஒரே வீடியோவுக்குப் பல வடிவங்கள் இருப்பதாகக் குறிப்பு இருந்தால் அங்கே யாரோ தொடக்கங்களை மாற்றி மாற்றிச் சோதிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம், அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பாருங்கள்.

இனி யாழ்ப்பாணத்துக்காரர் தவறவிடக் கூடாத ஒரு விஷயம். இலங்கையைத் தெரிவு செய்தால் கடை விளம்பரங்களுக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு வராது. ஆனால் பிரான்சையோ ஜெர்மனியையோ தெரிவு செய்துவிட்டு, சாறி, நகை, கறித்தூள் என்று தமிழில் தேடினால், அங்கே எங்கள் ஆட்கள் போடுகிற விளம்பரங்களுக்குக் கீழே எத்தனை பேரைச் சென்றடைந்தது, எந்த வயதினர், ஆணா பெண்ணா என்பதெல்லாம் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் காரணமாக 2023 ஓகஸ்டில் இருந்து இதைக் காட்டுகிறார்கள், முடிந்துபோன விளம்பரங்களையும் ஒரு வருடத்துக்கு வைத்திருக்கிறார்கள். பாரிசில் லா சப்பல் பக்கம் சாறி வாங்குகிற அக்காவும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாங்குகிற அக்காவும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லைதான். இருந்தாலும் எங்கள் கதைபேச்சில் எந்தத் தொடக்கத்துக்கு நீண்ட நாள் காசு போட்டிருக்கிறார்கள், அது எத்தனை பேரிடம் போயிருக்கிறது என்று எண்ணோடு பார்க்க எனக்குத் தெரிந்து வேறு இலவச வழி இல்லை. வெளிநாட்டுக்குப் பொதி அனுப்புகிறவர்கள், கல்யாண மண்டபக்காரர், காணி விற்கிறவர்கள் எல்லோரும் கனடாவையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், எண் வராவிட்டாலும் விளம்பரம் தெரியும்.

இதை வைத்து ஒரு வேலை செய்தோம். கோண்டாவிலில் எங்களுக்குச் சொந்தக்கார அக்கா ஒருவர் வீட்டிலேயே தூள் வறுத்து அரைத்து விற்கிறார். அவருடைய வீடியோ, யாழ்ப்பாணத்தின் பாரம்பரியச் சுவை என்று தொடங்கியது. அதே வரியோடு எத்தனை தூள் விளம்பரம் ஓடுகிறது என்று நூலகத்திலேயே அவருக்குக் காட்டினேன், பார்த்துவிட்டு நிறைய நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டேன், அக்கா, உங்களிட்டை வாங்குற ஆக்கள் செய்யிற பிழை என்ன? உடனே வந்தது பதில்: இறைச்சித்தூளை எடுத்து மீனுக்குப் போட்டுட்டு மணம் சரியில்லை எண்டு சொல்லுவினம். அதுதான் தொடக்கம். சட்டியில் மீன்குழம்பு கொதிக்கிறது, தூள் கரண்டியோடு ஒரு கை வருகிறது, அக்காவின் குரல் கேட்கிறது: "இந்தத் தூளை மீன்குழம்புக்குப் போடாதேங்கோ." கை அப்படியே நிற்கிறது. அடுத்த வசனம், "இது பெருஞ்சீரகம் கூட்டி வறுத்த இறைச்சித்தூள், மீனுக்கு வேறயா வைச்சிருக்கிறன்." மிச்ச வீடியோவில் ஒன்றையும் தொடவில்லை. பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில் ஒரே காசுக்கு ஓடவிட்டோம். மூன்று செக்கன் தாண்டிய வீதம் புதியதில் தெளிவாகக் கூடியிருந்தது. அதைவிட எனக்குச் சந்தோசம் தந்தது, தொலைபேசியில் எடுத்தவர்கள் மீன் தூள் என்ன விலை என்று கேட்டதுதான். தன் தூளில் ஒன்றைப் போடாதீர்கள் என்று சொன்னவர் இரண்டு தூள் விற்றார், பொய் ஒன்றும் சொல்லாமல்.

பொய் என்றதும் சொல்லியே ஆக வேண்டும், நூலகத்தில் பார்க்கிற எல்லாம் எடுக்கத் தக்கதல்ல. கடை மூடுகிறோம், கடைசி நாள் என்று தொடங்கி மாதக்கணக்கில் ஓடுகிற விளம்பரங்களும் அதில் கிடக்கின்றன, தொடங்கிய திகதியே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பெரிய நகரத்தில் அது எடுபடலாம். இங்கே பார்த்தவர் அடுத்த நாள் சைக்கிளில் வந்து கடை வாசலில் நின்று கேட்பார். இன்னொன்று, இந்தியாவைத் தெரிவு செய்தால் தமிழில் ஏராளமான வீடியோ விளம்பரங்கள் கிடைக்கும், 2020 ஜூனில் அங்கே ரிக்ரொக்கைத் தடை செய்தபின் அவர்களுக்கு ரீல்ஸும் யூடியூபும்தான். யோசனைக்கு அவை நல்லவை, ஆனால் வசனத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கடைக்காரர் வாயில் வைக்காதீர்கள், முதல் செக்கனிலேயே இது வேறு யாருடையதோ என்று தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. தேடினால் விளம்பரத்தோடு எழுதிய வாசகத்தில்தான் தேடும், வீடியோவுக்குள் பேசியதில் தேடாது. எங்கள் கடைகள் பல தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதால் தமிழில் அடித்தால் அவை அகப்படாது, பக்கப் பெயரைக் கொடுத்துத்தான் தேட வேண்டும். கைபேசியில் பார்ப்பது பெரிய கரைச்சல், லாப்டொப் இருந்தால் அதில் பாருங்கள். நூலகத்தில் தெரிகிற வடிவமும் ரீல்ஸில் வருகிற வடிவமும் ஒன்றில்லை, அங்கே கீழ்ப்பகுதியைக் கணக்குப் பெயரும் வாசகமும் மறைக்கும், வலது பக்கத்தை லைக் பொத்தான்கள் மறைக்கும். தமிழ்ச் சொற்களும் நீளமானவை. ஆகவே திரையில் போடுகிற முதல் வரியை நான்கைந்து சொல்லுக்குள் வெட்டி நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள். ரிக்ரொக் விளம்பரங்கள் இதில் வராது. அதற்கு ரிக்ரொக்கின் கிரியேட்டிவ் சென்டர் இருக்கிறது, நன்றாக ஓடிய விளம்பரங்களில் எந்தச் செக்கனில் ஆட்கள் விளம்பர இணைப்பை அமத்துகிறார்கள் என்று கோடு போட்டே காட்டும், அதையும் பாருங்கள்.

விளம்பரம் எழுதித் தருகிறோம் என்று காசு கேட்கிறவர்களிடம் போகிறவர்களும், போவதற்கு முதல் நூலகத்தில் அவர்கள் செய்த கடைகளின் பக்கங்களைத் தேடிப் பாருங்கள். எல்லாக் கடைக்கும் ஒரே தொடக்கம் போட்டிருந்தால் உங்களுக்கும் அதுதான் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, இப்போதே சொல்வது நல்லது. இலங்கையில் போடுகிற கடை விளம்பரம் நின்றவுடன் நூலகத்தில் இருந்தும் போய்விடும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள், அந்த நாட்களில் சாறிக் கடை, நகைக் கடை, ஐஸ்கிரீம் கடை எல்லாம் எப்படித் தொடங்குகின்றன என்று பார்க்க நினைத்தால் தேர், தீர்த்தம் முடியும்வரை காத்திருக்காமல் கொடியேறிய கிழமையிலேயே திரையைப் பதிவு செய்து, திகதி போட்டு ஒரு போல்டரில் வையுங்கள். அடுத்த வருட விளம்பரம் எழுத உட்காரும்போது அது வேறெங்கும் கிடைக்காது.