யார் முடிவெடுப்பது, எப்போது? நிவாரண அமைப்புகளின் மூன்று வழிகள்

ஒரு நிவாரணத் தொண்டு நிறுவனத்தை எடைபோட, எத்தனை பேருக்கு உதவி சேர்ந்தது, நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று பார்ப்பது வழக்கம். ஆபத்து வரப்போகிறது என்று தெரிந்த நாளுக்கும் முதல் லாரி கிளம்பிய நாளுக்கும் நடுவே எவ்வளவு காலம் ஓடியது என்று பாருங்கள். தலைமையின் லட்சணம் அதிலேயே தெரிந்துவிடும்.

முதல் வழி, தரவு திரட்டிக் கூடிப் பேசி முடிவெடுப்பது. மதிப்பீட்டுக் குழு களத்துக்குப் போகும், அறிக்கை வரும், தலைமையகத்தில் அலசுவார்கள், பிறகுதான் நிதி. தணிக்கைக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. ஆனால் சோமாலியாவில் நடந்ததைப் பாருங்கள். வறட்சி எச்சரிக்கைகள் 2010 ஆகஸ்டிலிருந்தே வரத் தொடங்கிவிட்டன. பஞ்சம் என்று ஐ.நா. அறிவித்தது 2011 ஜூலை 20 அன்று. நிதி பெருமளவில் வந்தது அதற்குப் பிறகுதான். சுமார் 2,58,000 பேர் இறந்திருக்கலாம் என்று 2013இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது; அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அல்-ஷபாப் ஆயுதக் குழுவின் தடைகளும் அமெரிக்காவின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களும் நிவாரண அமைப்புகளின் கையைக் கட்டிப்போட்டது உண்மைதான். ஆனாலும் தகவலுக்குக் குறைவே இருக்கவில்லை. இன்னொரு அறிக்கை வரட்டும் என்று காத்திருப்பதும் ஒரு முடிவுதான். என்ன, அதற்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

இரண்டாவது வழி, களத்தில் நிற்பவரின் அனுபவத்தை நம்புவது. ஐயாயிரம் பேர் ஒரே இரவில் வந்து சேர்ந்த முகாமை எடுத்துக்கொள்வோம். நிவாரணப் பணிக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகோலான ஸ்ஃபியர் தரநிலைப்படி ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. அதாவது 75,000 லிட்டர், 250 கழிப்பறைகள். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, வேலையாட்கள் போதவில்லை. அனுபவசாலி 250க்காகக் காத்திருக்க மாட்டார். ஐம்பது பேருக்கு ஒன்று என்று நூறு குழிகளை இன்றே தோண்டச் சொல்லிவிட்டு, மீதியை அடுத்தடுத்த வாரங்களுக்குத் தள்ளுவார். ஆரம்பக் கட்டத்துக்கு அந்தத் தரநிலையே இதை அனுமதிக்கிறது. அது தெரிந்தவர் களத்தில் இருந்தால் கூட்டம் போடத் தேவையில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோய் பரவியபோதும் இப்படித்தான். தொற்று கைமீறிவிட்டது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2014 ஜூனிலேயே சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது ஆகஸ்ட் 8 அன்று. அந்த அமைப்பினருக்கு எபோலா புதிதல்ல. முந்தைய பரவல்களில் வேலை செய்து பழகியவர்கள்.

இந்த வழியில் ஒரு ஓட்டையும் உண்டு. தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வை ஆராய்ந்த கேரி க்ளைனும், உள்ளுணர்வைச் சந்தேகித்த டேனியல் கானமனும் என்ற இரு உளவியலாளர்கள் 2009இல் சேர்ந்தே எழுதிய கட்டுரையில் ஓரிடத்தில் ஒத்துப்போனார்கள்: சூழலில் ஓர் ஒழுங்கு இருந்து, செய்தது சரியா தவறா என்று சீக்கிரம் தெரியவந்தால்தான் உள்ளுணர்வு தேறும். நிவாரணப் பணியில் ஆட்கள் சில மாதங்களில் இடம் மாறிவிடுகிறார்கள். தங்கள் முடிவு என்ன ஆனது என்று தெரிவதற்குள் அடுத்த நாட்டில் இருப்பார்கள். அப்படிச் சேரும் அனுபவத்தில் தன்னம்பிக்கை வளரும் அளவுக்குத் திறமை வளர்வதில்லை.

மூன்றாவது வழி, முன்கூட்டியே நிபந்தனை எழுதிவைப்பது. ஆற்று நீர்மட்டம் இந்த அளவைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால் இவ்வளவு பணம் உடனே விடுவிக்கப்படும், அவ்வளவுதான். 2020 ஜூலையில் வங்கதேசத்தில் ஜமுனா ஆற்று வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே ஐ.நா.வின் அவசர நிதி இப்படித்தான் போனது. பூகம்பத்துக்கும் போருக்கும் இது உதவாது. வெள்ளம் வராமலும் போகலாம், பணம் செலவாகியிருக்கும். அதை முன்கூட்டியே நிர்வாகக் குழுவிடம் சொல்லிச் சம்மதம் வாங்குவதுதான் தலைவருக்கு உண்மையான சோதனை. வெள்ளம் வந்த பிறகு துணிச்சல் காட்டுவது அவ்வளவு கடினமில்லை.

என்னைக் கேட்டால் வெள்ளம், வறட்சி, புயலுக்கு மூன்றாவது வழிதான், தயங்க ஒன்றுமில்லை. பூகம்பத்துக்கோ திடீர் இடப்பெயர்வுக்கோ, முதல் இரண்டு வாரம் களத் தலைவர் கையில். ஆனால் அவர் எடுத்த முடிவுகளை, அவர் இடம் மாறிய பிறகும், அவருக்கே திருப்பிக் காட்டும் ஏற்பாடு வேண்டும். கூடிப் பேசி முடிவெடுப்பதை நிரந்தர முகாமுக்கு இடம் தேர்வது, ஆட்குறைப்பு, ஒரு நாட்டை விட்டு வெளியேறுவது போன்ற, எளிதில் திருத்த முடியாத விஷயங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியில் போனாலும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது, தலைமையகத்தைக் கேட்காமல் களத் தலைவர் எவ்வளவு தொகைக்குக் கையெழுத்துப் போடலாம் என்ற வரம்பை. ஒரு தண்ணீர் லாரியின் ஒரு வார வாடகைக்குக் கூட அது போதாதென்றால், அந்த அமைப்பு எந்த வழியைத் தேர்ந்ததாகச் சொல்லிக்கொண்டாலும் நடப்பது முதல் வழிதான்.