தீர்ப்பில் பெயரை மறைப்பதா, தேடலில் நீக்குவதா?

வழக்கில் விடுதலையாகி வருஷங்கள் ஆகியும், பெண் வீட்டார் கூகுளில் மாப்பிள்ளை பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது அந்தத் தீர்ப்புதான். தேடல் முடிவிலிருந்து மட்டும் எடுப்பது ஒரு வழி. 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒருவர் பெயர் வந்திருந்த பழைய ஏல அறிவிப்பு விஷயத்தில் ஒப்புக்கொண்டது இதைத்தான். மூலப் பக்கம் அப்படியே இருக்கும். வேறு சொல்லைப் போட்டுத் தேடினால் முழுப் பெயரோடு திறக்கும்.

தீர்ப்பிலேயே பெயரை மறைப்பது இன்னொன்று. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. பெயர் இருந்த இடத்தில் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றிருந்தால் சட்டம் படிப்பவருக்கு என்ன நஷ்டம்? ஆனால் கிடைப்பது லேசில்லை. இப்படிப் பெயரை மறைக்கக் கேட்ட ஒருவருக்கு, 2021இல் சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதிபதி மறுத்தார்; 2024 பிப்ரவரியில் அங்கேயே இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்தது; அப்புறம் ஜூலையில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.